ஒரு ‘பீப்’புக்கு 22 வருஷம்: ஓட்டு மெஷின் வந்த கதை

இன்னிக்கு எபிசோட் ஒரு சத்தத்தோட கதை.

ஓட்டுப் போடப் போறோம். விரல்ல மை வெச்சாச்சு. அட்டை மறைப்புக்குப் பின்னாடி நின்னு, சின்னத்துக்குப் பக்கத்துல இருக்குற நீல பட்டனை அமுக்குறோம். ஒரு சிவப்பு விளக்கு எரியுது. அப்புறம் நீளமா ஒரு ‘பீப்’. அவ்வளவுதான், அடுத்த ஆள் உள்ள வரலாம்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு தகவல். இந்தப் பேர்கள்ல இருக்குற சட்டமன்றத் தொகுதிகள் ரெண்டுமே 2008 தொகுதி மறுசீரமைப்புல உருவானவை. 2011-லதான் அங்க முதல் சட்டமன்றத் தேர்தல். அதனால பூத்துக்கு வந்து ஓட்டுப் போடுறவங்க கையில வாக்குச்சீட்டு கொடுத்து நடந்த ஒரு எம்.எல்.ஏ. தேர்தலைக்கூட இந்த ரெண்டு தொகுதியும் பார்த்ததே இல்ல. பிறந்ததுல இருந்தே மெஷின்தான். பக்கத்துல இருக்குற பூந்தமல்லி பழைய தொகுதி, அது ரெண்டு காலத்தையும் பார்த்திருக்கு. அதோட, 2019 டிசம்பர்ல நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல்ல பூந்தமல்லி ஒன்றியத்து கிராமங்கள்ல நாலு பதவிக்கு நாலு கலர்ல சீட்டு கொடுத்துதான் ஓட்டு வாங்கினாங்க. ஆவடி மாநகராட்சிக்கு 2022-ல முதல் தேர்தல் நடந்தப்போ மெஷின். ஒரே பஸ் ரூட்ல ரெண்டு டெக்னாலஜி.

வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்தும், பார்த்திருப்பீங்க. ‘ஓட்டு மெஷினைக் கண்டுபிடிச்சவர் எழுத்தாளர் சுஜாதா.’ கூடவே அவர் போட்டோ. இது பாதி உண்மை. மீதிப் பாதி அதைவிட சுவாரசியம், அதனாலதான் இந்த எபிசோட்.

முதல்ல பேப்பர் காலத்துப் பிரச்சினை என்னன்னு பாத்துடலாம். வாக்குச்சீட்டுல நமக்குப் பிடிச்ச சின்னத்து மேல ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தணும். குத்தி, மடிச்சு, பெட்டில போடணும். மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கம் ஒட்டும். அப்போ ஒரே சீட்டுல ரெண்டு சின்னத்து மேல முத்திரை. இது செல்லுமா, செல்லாதா? இதுக்காகவே அந்த முத்திரையோட வடிவத்தை யோசிச்சுப் பண்ணியிருந்தாங்க. சுழல்ற மாதிரி நாலு அம்பு. நேரா குத்தினா ஒரு பக்கமா சுத்தும். மடிச்சு ஒட்டினது கண்ணாடி பிம்பம் மாதிரி எதிர்ப்பக்கமா சுத்தும். எண்றவர் அதைப் பார்த்து எது அசல்னு சொல்லிடலாம். சின்ன ஐடியா, ஆனா அழகான ஐடியா. அப்படியும் ரெண்டு சின்னத்துக்கு நடுவுல குத்தினது, ரெண்டு இடத்துல குத்தினதுன்னு செல்லாத ஓட்டு குவியும். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல ஜெயிக்கிற இடத்துல, அந்தக் குவியல்தான் சண்டைக்கே காரணம். எண்ணி முடிக்க ராத்திரி, பகல், மறுபடி ராத்திரி. இதெல்லாம் போக, பூத்தைக் கைப்பற்றி கட்டுக் கட்டா சீட்டுல குத்திப் பெட்டில திணிக்கிற பழக்கம் வேற.

‘இதுக்கு ஒரு மெஷின் வெச்சா என்ன?’ன்னு யோசிச்சது நாம மட்டும் கிடையாது. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் ஊர்ல 1892-லயே நெம்புகோல் இழுக்குற மெஷின்ல ஓட்டுப் போட்டாங்க. அதுக்கும் முன்னாடி 1869-ல தாமஸ் எடிசன் வாங்கின முதல் பேட்டன்ட் எதுக்குத் தெரியுமா? பல்பும் இல்ல, கிராமபோனும் இல்ல. சட்டசபை உறுப்பினர்களோட ஓட்டைப் பதிவு பண்ற மின்சாரக் கருவிக்கு. மெஷின் ஒழுங்காவே வேலை செஞ்சுது. ஆனா யாரும் வாங்கல. ஓட்டெடுப்பு மெதுவா நடக்கிற அந்த இடைவெளிலதான் பேரம் பேசலாம், மனசை மாத்தலாம். அந்த நேரத்தை மிச்சம் பிடிச்சுக் கொடுக்குற கருவி அரசியல்வாதிங்களுக்கு எதுக்கு? எடிசனுக்கு அப்போ வயசு 22. வேலை செய்ற கருவியும் விலை போற பொருளும் வேற வேறன்னு அவருக்கு முதல் பேட்டன்ட்லயே தெரிஞ்சுபோச்சு.

இப்போ இந்தியாவுக்கு வருவோம். 1977. தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.எல். ஷக்தர். ஹைதராபாத்ல இருக்குற எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, சுருக்கமா இ.சி.ஐ.எல்., அணுசக்தித் துறையோட பொதுத்துறை நிறுவனம். ‘தேர்தலுக்கு எலக்ட்ரானிக் கருவி ஒண்ணு பண்ண முடியுமா’ன்னு ஆணையம் அவங்களைக் கேக்குது. 1979-ல புரோட்டோடைப் தயார். 1980 ஆகஸ்ட் 6-ம் தேதி அரசியல் கட்சிப் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு வெச்சு ஓட்டிக் காட்டுறாங்க.

அதே 1980 அக்டோபர்ல எம்.பி. ஹனீபா அப்படிங்கிறவரோட ‘எலக்ட்ரானிக் வாக்கு எண்ணும் இயந்திரம்’ அரசிதழ்ல வருது. அதைத் தமிழ்நாட்டுல ஆறு நகரங்கள்ல அரசுப் பொருட்காட்சில மக்கள் பார்வைக்கு வெச்சாங்க. தீவுத்திடல்ல டெல்லி அப்பளம் சாப்பிட்டுட்டே அரசுத்துறை ஸ்டால் எல்லாம் சுத்துவோமே, அந்த மாதிரி ஒரு இடத்துல ஓட்டு மெஷின் உக்காந்திருக்குறதை நினைச்சுப் பாருங்க. இன்னொரு பக்கம் பெங்களூருல பாரத் எலக்ட்ரானிக்ஸ், அதாவது பி.இ.எல்., தன்னோட தொழிற்சங்கத் தேர்தல்களை நடத்துறதுக்காகவே ஒரு மைக்ரோகம்ப்யூட்டர் மெஷினைப் பண்ணி வெச்சிருந்தது. ஆக, ஒரே சமயத்துல குறைஞ்சது மூணு இடத்துல ஒரே யோசனை. ‘யார் கண்டுபிடிச்சது?’ன்னு கேட்டா ஒத்தைப் பேரா பதில் வராததுக்கு இதுதான் காரணம். கடைசில ஆணையம் இ.சி.ஐ.எல்., பி.இ.எல். ரெண்டையும் சேர்த்துக்கிட்டு உற்பத்தின்னு முடிவு பண்ணுச்சு.

இந்த பி.இ.எல்.லதான் எஸ். ரங்கராஜன். குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவர், விமானப் போக்குவரத்துத் துறைல கொஞ்ச காலம் வேலை பாத்துட்டு பெங்களூரு போனவர். மனைவி பேரைப் புனைபெயரா வெச்சுக்கிட்டு கணேஷ்-வசந்த் கதைகள் எழுதினவர். உங்க செட்டுக்கு ‘சிவாஜி’, ‘எந்திரன்’ வசனம்னு சொன்னா டக்குனு புரியும். பி.இ.எல்.ல ஓட்டு மெஷினோட வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வை பாத்தவர் அவர். அதுக்காக வாஸ்விக் விருதும் கிடைச்சுது. ‘கண்டுபிடிச்சார்’னு சொன்னா அது மிகை. ஆனா ‘மேற்பார்வை’ங்கிற வார்த்தை கேக்க சப்புன்னு இருக்குன்னு அதைச் சின்ன வேலையா நினைச்சுடாதீங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல எந்தப் பட்டறைல வேணாலும் கேட்டுப் பாருங்க. ஒரு பீஸ் பண்றது ஒரு வேலை. அதே அளவுல, அதே தரத்துல லட்சம் பீஸ் பண்றது முழுக்க வேற வேலை. இந்த லட்சம் பீஸும் ராஜஸ்தான் வெயில்லயும் சிரபுஞ்சி மழைலயும் ஒரே மாதிரி ஓடணும். எலக்ட்ரானிக்ஸே தெரியாத ஒரு ஸ்கூல் டீச்சர் ஒரு நாள் பயிற்சில அதை இயக்கணும். கரன்ட் இல்லாத ஊர்லயும் நிக்கக் கூடாது.

இப்போ மெஷினைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். எனக்கு இந்த டிசைன்ல ரொம்பப் பிடிச்சது, அது என்னென்ன செய்யாதுங்கிறதுதான். ரெண்டு பெட்டி, நடுவுல 5 மீட்டர் கேபிள். அதிகாரி மேஜை மேல கன்ட்ரோல் யூனிட். மறைப்புக்குப் பின்னாடி பேலட் யூனிட். அதிகாரி தன் பக்கம் ஒரு பட்டனை அமுக்கினாத்தான் உள்ள இருக்குற பட்டன்களுக்கு உயிர் வரும். நீங்க ஒண்ணை அமுக்கினதும் மறுபடி பூட்டிக்கும். திரும்பத் திரும்ப அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. ஒருத்தருக்கு ஒரு ஓட்டுங்கிற விதியை ஒயர்லயே கட்டிட்டாங்க. இன்டர்நெட் கிடையாது, வயர்லெஸ் கிடையாது, பிளக் பாயின்ட் கூட வேணாம், பேட்டரிதான். உள்ள இருக்குற புரோகிராம் ஒரே ஒரு தடவை எழுதுறது, அப்புறம் மாத்தி எழுத முடியாத மாதிரி. சுருக்கமா, வேணும்னே மந்தமா வெச்ச ஒரு கால்குலேட்டர்.

அந்த மந்தத்துலயும் ஒரு தந்திரம் இருக்கு. நிமிஷத்துக்கு அஞ்சு ஓட்டுக்கு மேல பதிவாகாதுன்னு கணக்கு. பேப்பர் காலத்துல நாலு பேர் சேர்ந்தா அரை மணி நேரத்துல நூத்துக்கணக்குல சீட்டைக் குத்தித் தள்ளிடலாம். இங்க ஆயிரம் கள்ள ஓட்டுப் போடணும்னா மூணு மணி நேரத்துக்கு மேல உக்காந்து பட்டன் அமுக்கணும். அதுக்குள்ள அதிகாரி ‘குளோஸ்’ பட்டனை ஒரு தடவை தட்டிட்டா அதுக்கப்புறம் ஒரு ஓட்டும் ஏறாது. எடிசன் மெஷின் வேகமா இருந்ததால தோத்துச்சு. இது வேகத்தைக் குறைச்சு ஜெயிச்ச மெஷின்.

வெளித் தோற்றத்தை வடிவமைச்சது ஐ.ஐ.டி. பம்பாயோட இண்டஸ்ட்ரியல் டிசைன் சென்டர் பேராசிரியர்கள். பேரு, சின்னம், பக்கத்துல பட்டன், விளக்கு. படிக்கத் தெரியாதவங்களும் பழைய வாக்குச்சீட்டைப் பார்க்குற அதே கண்ணால பார்க்குற மாதிரி. ‘பீப்’ சத்தம் ஓட்டுப் போட்டவருக்கு மட்டும் கேக்குறது கிடையாது. வெளிய உக்காந்திருக்குற எல்லா கட்சி ஏஜென்டுக்கும் கேக்கும். ஒரு பேரு கூப்பிட்டாங்க, ஒரு பீப் வந்துச்சு. அவங்க மனசுல ஒரு டிக்.

சரி, முதல் தேர்வு. 1982 மே 19, கேரள சட்டமன்றத் தேர்தல். வடக்குப் பரவூர் தொகுதில 50 பூத்ல மட்டும் மெஷின், மத்த இடத்துல பேப்பர். போட்டி, இந்திய கம்யூனிஸ்ட் கட்சியோட சிவன் பிள்ளைக்கும் காங்கிரஸோட ஏ.சி. ஜோஸுக்கும். தேர்தலுக்கு முன்னாடியே ‘இந்த மெஷின் கூடாது’ன்னு ஹைகோர்ட்டுக்குப் போனவர் சிவன் பிள்ளை. கோர்ட் தலையிடல. தேர்தல் நடந்துச்சு. சிவன் பிள்ளைக்கு 30,450, ஜோஸுக்கு 30,327. மெஷினை எதிர்த்தவர் 123 ஓட்டுல ஜெயிச்சார்!

இப்போ ஜோஸ் கோர்ட்டுக்குப் போறார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1984 மார்ச் 5-ம் தேதி தீர்ப்பு. தீர்ப்போட மையம் மெஷின் தப்பா எண்ணுச்சான்னு இல்ல. சட்டத்துல ‘பேலட்’னு எழுதியிருக்கு, விதிகள்ல சீட்டு, முத்திரை, பெட்டின்னு வரிக்கு வரி இருக்கு, பட்டன்னு எங்கேயும் இல்ல. தேர்தலை நடத்துற அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கலாம், ஆனா பாராளுமன்றம் ஒரு முறையைச் சட்டமா எழுதி வெச்சிருக்கும்போது ஆணையம் அதைத் தாண்டி வேற முறை கொண்டுவர முடியாது. அந்த 50 பூத்லயும் மறுபடி பேப்பர்ல ஓட்டு. இந்தத் தடவை ஜோஸ் ஜெயிச்சார்.

வேலை செஞ்ச ஒரு பொருள் இப்படித்தான் அலமாரிக்குப் போச்சு. பரவூருக்கு அப்புறம் 1983 வரைக்கும் நாட்டுல பத்து இடைத்தேர்தல்ல மெஷினை ஓட்டிப் பார்த்திருந்தாங்க. எல்லாம் நின்னுபோச்சு. இன்ஜினியரிங் படிக்கிற யாருக்கும் இது எரிச்சலா இருக்கும், எனக்கும் முதல்ல படிக்கும்போது இருந்துச்சு. ஆனா கோர்ட் சொன்னது சரின்னுதான் இப்போ படுது. ஓட்டு எண்ற முறையை ஒரு அதிகாரி நல்ல எண்ணத்துல மாத்தலாம்னா, இன்னொரு அதிகாரி வேற எண்ணத்துலயும் மாத்தலாம்.

1988 டிசம்பர்ல பாராளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 61ஏ-னு ஒரு பிரிவைச் சேர்த்துச்சு. 1989 மார்ச் 15-ல இருந்து அமல். இப்போ சட்டத்துலயே மெஷினுக்கு இடம் இருக்கு. ஆணையம் சுமார் ஒன்றரை லட்சம் மெஷின் வாங்குது. கன்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு செட் 5,500 ரூபாய். மொத்தம் 80 கோடிக்கு மேல. புரோட்டோடைப் இருக்கு, ஃபேக்டரி இருக்கு, சட்டம் இருக்கு, ஒன்றரை லட்சம் பீஸ் கைல இருக்கு. அப்புறம் என்ன, 1989 தேர்தல்ல ஓட வேண்டியதுதானேன்னு தோணும்.

ஓடல. கட்சிகளுக்கு நம்பிக்கை வரல. 1990 ஜனவரில தினேஷ் கோஸ்வாமி தலைமைல தேர்தல் சீர்திருத்தக் குழு அமைஞ்சுது. மெஷினை நிபுணர்கள் ஆராயட்டும்னு சொன்னாங்க. பேராசிரியர் எஸ். சம்பத் தலைமைல ஒரு தொழில்நுட்பக் குழு. அதுல பி.வி. இந்திரேசனும் இருந்தார், ஐ.ஐ.டி. மெட்ராஸோட முன்னாள் இயக்குநர். 1990 ஏப்ரல்ல அந்தக் குழு ஒருமனதா ‘பயன்படுத்தலாம், தாமதிக்க வேணாம்’னு பரிந்துரை பண்ணுச்சு. 1992 மார்ச்ல விதிகளையும் திருத்தினாங்க. அப்புறமும் பல வருஷம் மெஷின்கள் கிடங்குலயே தூங்குச்சு. தேர்தல் ஆணையத்துக்கே பல்லு முளைக்க வெச்சவர்னு பேர் வாங்கின டி.என். சேஷன் காலம் முழுக்க பேப்பர்தான்.

அந்தக் கிடங்குக் காலத்துலதான் நம்ம ஈரோடு மாவட்டத்துல மொடக்குறிச்சி நடந்துச்சு. 1996 சட்டமன்றத் தேர்தல். விவசாயிகள் தங்க குறைகளை யாரும் காதுல வாங்கலைன்னு கூட்டமா வேட்புமனு போட்டாங்க. ஒரே தொகுதில 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு சீட்டா இல்ல, புத்தகமாவே ஆகிடுச்சு. நீங்க உள்ள போய் புத்தகத்தைப் புரட்டி உங்க ஆளைத் தேடி ஸ்டாம்ப் குத்தணும். அன்னிக்கு மெஷின் இருந்திருந்தா தப்பிச்சிருக்கலாமான்னா, அதுவும் முடியாது. ஒரு பேலட் யூனிட்ல 16 பேர், நாலு யூனிட் வரைக்கும் சேர்க்கலாம், ஆக 64 தான் உச்சவரம்பு. அதே வருஷம் டெபாசிட்டை ஏத்தினாங்க. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயா இருந்தது 5,000 ஆச்சு. அதுக்கப்புறம் வேட்பாளர் எண்ணிக்கை தானா இறங்குச்சு. மெஷினால தாங்க முடியாத கூட்டத்தைக் கட்டணம் குறைச்சுதுன்னு சொல்லலாம். ஏழை விவசாயி ஒருத்தர் நிக்கிற வழியையும் அது சேர்த்தே குறைச்சுது. இப்ப வர்ற மாடல்ல 24 யூனிட் வரைக்கும் சேர்த்து 384 வரை போகும்.

1998 நவம்பர். எம்.எஸ். கில் தலைமைத் தேர்தல் ஆணையர். மத்தியப் பிரதேசத்துல 5, ராஜஸ்தான்ல 5, டெல்லில 6, ஆக 16 தொகுதில மட்டும் சோதனை. பெருசா புகார் வரல. 1999-ல 45 மக்களவைத் தொகுதி. கோவால முழு மாநிலமும். அடுத்தது நாம. 2001 மே மாசம் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, மேற்கு வங்கம் நாலுலயும் எல்லாத் தொகுதிலயும் மெஷின். பூந்தமல்லி வாக்காளர்கள் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க முதல் தடவையா பட்டன் அமுக்கினது அப்போதான். புரோட்டோடைப்ல இருந்து எண்ணினா 22 வருஷம்.

அந்தத் தேர்தலுக்கு முன்னாடி அ.தி.மு.க. மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போச்சு, மெஷின் கூடாதுன்னு. 2001 ஏப்ரல்ல கோர்ட் அதை ஏத்துக்கல. மே 13 எண்ணிக்கை. அ.தி.மு.க. 132 இடத்துல ஜெயிச்சு ஆட்சிக்கு வந்துச்சு. பரவூர் கதை மறுபடியும்! மெஷினை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவங்களை மெஷின் ஜெயிக்க வெச்சுது. இதை நான் கிண்டலுக்குச் சொல்லல. தேர்தல்ல ஜெயிச்சவரை நம்ப வைக்க ஒரு மெஷினும் தேவையில்ல. அந்தப் பெட்டி மொத்தமும் தோத்தவருக்காகத்தான். அவர் வீட்டுக்குப் போகும்போது ‘நான் தோத்துட்டேன்’னு நினைக்கணும், ‘என்னைத் தோக்கடிச்சுட்டாங்க’ன்னு நினைக்கக் கூடாது. இந்த ஒரு வேலையை எந்த சர்க்யூட்டும் தனியா செய்யாது.

2004-ல 543 மக்களவைத் தொகுதிலயும் மெஷின். அந்தத் தேர்தல்ல செல்லாத ஓட்டுங்கிற குவியல் பூத்ல இருந்து காணாமப் போச்சு. தபால் ஓட்டுல மட்டும் மிச்சம். கதை இங்க முடிஞ்சிருக்கலாம்.

2010-ல ஹைதராபாத் இன்ஜினியர் ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்துக்காரர் ரோப் கோங்க்ரைப் மூணு பேரும் சேர்ந்து ஒரு நிஜ மெஷினை வெச்சு செயல்விளக்கம் காட்டினாங்க. டிஸ்பிளே போர்டைக் கழட்டிட்டு, பார்க்க அதே மாதிரி இருக்குற வேற போர்டு மாட்டுனா போதும், மொபைல்ல இருந்து ப்ளூடூத் வழியா முடிவை மாத்திக் காட்டலாம்னு. ஆணையம் சொன்ன பதில்: சீல், காவல், ஏஜென்ட் கையெழுத்து இதையெல்லாம் தாண்டி யாரும் அந்தப் போர்டைத் தொடவே முடியாது. அந்த மெஷின் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ல மறுத்த ஹரி பிரசாத் அதே ஆகஸ்ட்ல கைதானார். கோங்க்ரைப் ஏற்கெனவே தன் நாட்டுல இதே பிரசாரம் பண்ணி, நெதர்லாந்து மெஷினைக் கைவிட்டு பேப்பருக்குத் திரும்ப வெச்சவர். ஜெர்மனிலயும் 2009-ல அரசியல் சட்ட நீதிமன்றம், ஒரு சாதாரணக் குடிமகன் தன் கண்ணால சரிபார்க்க முடியாத எண்ணிக்கை செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

ரெண்டு பக்கத்து வாதமும் உண்மைல ஒரே இடத்தைத்தான் சுட்டுது. மெஷினோட பாதுகாப்பு சிப்புல மட்டும் இல்ல. தேர்தலுக்கு முன்னாடி கட்சிக்காரங்க கண் முன்னால முதல்கட்டச் சோதனை. எந்த மெஷின் எந்த பூத்துக்குன்னு ரெண்டு தடவை குலுக்கல். ஓட்டுப்பதிவு அன்னிக்கு விடியற்காலை குறைஞ்சது 50 ஓட்டாவது போட்டு ஒத்திகை. அப்புறம் பச்சைப் பேப்பர் சீல், நூல், அரக்கு, ஏஜென்டுங்க கையெழுத்து. 1980-கள் மைக்ரோசிப்பைக் கடைசில காப்பாத்துறது நம்ம தாசில்தார் ஆபீஸ் அரக்கு.

2010 அக்டோபர் 4-ம் தேதி அனைத்துக் கட்சிக் கூட்டம். ‘ஓட்டுப் போட்டவர் கண்ணால பார்க்குற மாதிரி ஒரு பேப்பர் சாட்சி வேணும்’னு பேச்சு வந்துச்சு. 1990 குழுல இருந்த அதே இந்திரேசன் இப்போ நிபுணர் குழுத் தலைவர். 2011 ஜூலைல லடாக், ஜெய்சல்மேர், சிரபுஞ்சி, கிழக்கு டெல்லி, திருவனந்தபுரம்னு அஞ்சு விதமான தட்பவெப்பத்துல புது பிரிண்டரை ஓட்டிப் பார்த்தாங்க. 2013 செப்டம்பர்ல நாகாலாந்து நோக்சென் இடைத்தேர்தல்ல முதல் பயன்பாடு. அடுத்த மாசமே, நம்ம ஊர்க்காரர் ப. சதாசிவம் தலைமை நீதிபதியா இருந்த அமர்வு, சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்குல, நியாயமான தேர்தலுக்கு இந்தப் பேப்பர் சாட்சி அவசியம், படிப்படியா கொண்டுவாங்கன்னு சொல்லிடுச்சு. 2019 மக்களவைத் தேர்தல்ல எல்லா பூத்லயும் விவிபேட். ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னாடி சீட்டு தெரியும், அப்புறம் வெட்டுப்பட்டு பெட்டிக்குள்ள விழும். 2008 பிப்ரவரில இறந்த சுஜாதா இந்தப் பெட்டியைப் பார்க்கல.

நூறு சதவீதச் சீட்டையும் எண்ணணும்னு கேட்ட வழக்கை 2024 ஏப்ரல் 26-ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. ஆனா ரெண்டாவது, மூணாவது இடம் வந்தவங்க பணம் கட்டிக் கேட்டா, சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத மெஷினோட சிப்பை இன்ஜினியர்கள் சோதிக்கணும்னு ஒரு வழி திறந்து விட்டுச்சு. தப்பு நடந்திருந்தா கட்டின பணம் திரும்பக் கிடைக்கும்.

எண்ணிக்கைக்கு 2019-ல போட்ட உத்தரவுதான் இன்னும் நடப்பு. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் 5 பூத். அடுத்த தடவை அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ எண்ணும்போது நியூஸ்ல ‘முன்னிலை’ ஓடிட்டு இருக்கும். அதே கூடத்துல ஒரு ஓரமா, பேங்க் கேஷியர் கூண்டு மாதிரி கம்பி வலை போட்ட ஒரு சின்ன அறை இருக்கும். குலுக்கல்ல வந்த 5 பெட்டியை அங்க திறப்பாங்க. சீட்டுகளைச் சின்னம் பார்த்துப் பிரிப்பாங்க. பிரிச்சு, 25 25-ஆ கட்டுப் போட்டு, கையால எண்ணுவாங்க.